பரணில் ஓர் ஏட்டுக்கட்டு கிடைத்தால்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் சேர்ந்த பழைய நெல்லைச் சீமையில் வீட்டை இடித்துக் கட்டும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு பரணை ஒழிக்கும்போதும் ஓர் ஏட்டுக்கட்டோ செல்லரித்த புத்தக மூட்டையோ வெளியே வரும். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இவற்றைச் சுத்தம் செய்து, ஒட்டி, கட்டிக் கொடுக்கும் வேலையை 20 வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகிறேன். ஃபோனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் முதல் கேள்வியின் பதிலை மட்டுமாவது படித்துவிட்டு ஏட்டில் கை வையுங்கள்.

அண்ணாச்சி, தாத்தா பெட்டியில் ஓர் ஏட்டுக்கட்டு கிடைத்தது. முதலில் என்ன செய்ய?

கயிற்றை அவிழ்க்காதீர்கள். எனக்கு வரும் சுவடிகளில் பாதிக்கு மேல் சேதம் பூச்சியால் வந்ததில்லை. கிடைத்த அன்றைக்கு ஆர்வத்தில் பிரித்துப் பார்த்ததால் வந்தது. 100 வருஷம் கட்டியே கிடந்த ஓலை காய்ந்து முறுகியிருக்கும். துளையைச் சுற்றித்தான் முதலில் உடையும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் துளையிலிருந்து ஓரம்வரை கிழிந்துவிடும். அப்புறம் ஏடுகள் கலைந்து, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் போகும்.

கட்டு இருக்கிறபடியே நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். எந்த வீட்டில், எந்த அறையில், எந்தப் பெட்டியில், கூட என்னென்ன இருந்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேலும் கீழும் இருக்கும் மரச் சட்டம், ஒரு துளையில் செருகிய நாராசம் என்ற குச்சி, கயிற்றின் நுனியில் ஓலையிலேயே செய்து கோத்த கிளிமூக்கு, சுற்றியிருந்த துணி எதையும் தூர எறிய வேண்டாம். அவையும் சுவடியைச் சேர்ந்தவை. கயிறு ஏற்கெனவே அற்றிருந்தால் மேலும் கீழும் ஒரு கெட்டி அட்டை வைத்து, பருத்தி நாடாவால் இறுக்காமல் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் கூடாது, அது உருகி ஒட்டும்.

பிறகு முழுக்கட்டையும் ஒரு சுத்தமான பாலிதீன் பையில் போட்டு, வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். பையின் அடியில் புதிதாக மாவு போலத் தூள் சேர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தூள் இல்லை என்றால் அவசரமே இல்லை. ஒரு மாதம் பொறுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டினாலும் ஏடு அப்படியேதான் இருக்கும்.

படிக்க ஆளில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடலாமா? பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

தயவுசெய்து விடாதீர்கள். அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். பழுதான ஏட்டைப் பிரதி செய்து முடித்த பிறகு, பழையதைக் குப்பையில் போட மனமில்லாமல் ஆற்றுக்கோ அக்கினிக்கோ மரியாதையோடு கொடுத்தார்கள். பிரதி செய்வது நின்றுபோனது, ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. அதுதான் நமக்கு நேர்ந்த நஷ்டம்.

நம் ஊர்ப் பக்கமே இரண்டு கதை உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய அரசர் வழிவந்த ஏடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் அங்கே போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. அதே ஐயர் ஆழ்வார்திருநகரிக்கும் போனார். அங்கே கவிராயர் குடும்பங்களில் பாகம் பிரிந்து உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த ஏடு வரைக்கும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 1889-ல் பத்துப்பாட்டு அச்சில் வந்ததில் அந்த ஏட்டுக்கும் பங்கு உண்டு. இரண்டு ஊரும் நெல்லைச் சீமைதான், இரண்டு பக்கமும் பக்தி உள்ளவர்கள்தான். ஒரு வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஏடு 1000 வருஷம் பழசு என்கிறார்கள். உண்மையா?

இருக்காது. நம் வெக்கையிலும் பூச்சியிலும் ஓர் ஓலை 300, 400 வருஷம் தாங்கினாலே பெரிது. நூல் பழையதாக இருக்கலாம். உங்கள் கையில் இருப்பது அதன் பிரதி. இன்று வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் 18, 19-ம் நூற்றாண்டுகளில் எழுதியவை.

சரியான வயது வேண்டுமென்றால் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பாருங்கள். எழுதி முடித்தவர் தேதி போட்டிருப்பார். நம் பக்கம் அது கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்காக இருக்கும். ஆவணி ஒன்றாம் தேதி கொல்லம் வருஷம் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். எடுத்துக்காட்டாக, ௲௨௰௧ ௵ ஆவணி ௴ என்று இருந்தால் அது கொல்லம் 1021, அதாவது 1845. கூடவே 'விசுவாவசு வருஷம்' என்றும் எழுதியிருந்தால் கணக்கு ஒத்துப்போகிறது, ஏனென்றால் 1845-ல் சித்திரையில் பிறந்தது விசுவாவசுதான். 60 வருஷச் சுற்றும் கொல்லமும் ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிரதி எடுத்தவர் தன் முன்னால் இருந்த பழைய ஏட்டின் தேதியையும் சேர்த்தே எழுதிவிட்டாரா என்று சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே என்ன எழுதியிருக்கும்? தமிழ்தானே, ஏன் படிக்க முடியவில்லை?

தமிழ்தான். ஆனால் புள்ளி இருக்காது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்பதால் விட்டுவிடுவார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பாட்டும் உரைநடைபோல ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். என்னிடம் பழகிய ஒரு பி.காம். மாணவி ஆறே வாரத்தில் தன் பாட்டனார் எழுதிய எண்சுவடியை, அதாவது வாய்ப்பாட்டு ஏட்டை, வாசித்தாள்.

நெல்லைச் சீமையில் அதிகம் பார்ப்பது வைத்தியம், சோதிடம், வில்லுப்பாட்டுக் கதைகள், அம்மானை, நிகண்டு, எண்சுவடி, நிலக்கணக்கு. காயல்பட்டினம் பக்கம் போனால் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் காகிதத்தில் கிடைக்கும்; அவற்றைப் படிக்க அந்த எழுத்து தெரிந்த பெரியவர்களைத்தான் தேட வேண்டும். 'வெறும் கணக்குத்தானே' என்று ஒதுக்கும் ஏட்டில் அன்றைய கூலி, விளைச்சல், அளவைகள், சாதிப் பெயர்கள், குளத்து மடைகளின் பெயர்கள் எல்லாம் இருக்கும். காவியம் பத்து வீட்டில் இருக்கும். உங்கள் ஊர்க் குளத்து மடையின் பெயர் உங்கள் வீட்டு ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஓலை முறுகிப்போயிருக்கிறது. எண்ணெய் தடவலாமா?

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்காகி, பிசின் மாதிரி ஏடுகளை ஒட்டவைத்துவிடும். தூசி அதில் படியும். அந்த வாடைக்குப் பாச்சையும் எலியும் வரும்.

இதை என் கையால் செய்துதான் தெரிந்துகொண்டேன். 22 வயதில், தாத்தாவின் வைத்தியச் சுவடிக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒவ்வோர் ஏட்டுக்கும் தேங்காயெண்ணெய் தடவிக் கட்டி வைத்தேன். மூன்று வருஷம் கழித்து எடுத்தபோது பாதிக் கட்டு மரக்கட்டைபோல ஒன்றாக இறுகியிருந்தது. பிரிக்கப்போய் ஆறு ஏடுகளின் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வந்தது. அந்த ஆறு ஏட்டில் என்ன மருந்து எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு நான் வந்ததே அந்த ஆறு ஏட்டால்தான்.

சுவடி நூலகங்களில் பயன்படுத்துவது புல்தைலம், அதாவது எலுமிச்சம்புல் எண்ணெய். அல்லது அதே இனத்துச் சிட்ரோனெல்லா. இவை ஆவியாகும் எண்ணெய்கள். ஓலைக்குக் கொஞ்சம் நெகிழ்வு தரும், வாடைக்குப் பூச்சி ஒதுங்கும். ஏட்டைச் சுத்தம் செய்த பிறகு, பஞ்சில் சில துளி எடுத்து, நார் ஓடும் போக்கில் லேசாகத் தடவி, உடனே உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் தைலத்தில் கலப்படம் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எண்ணெய்க் கறை தங்கினால் அந்தப் பாட்டில் ஏட்டுக்கு ஆகாது. மையால் எழுதிய ஏடு, ஓவியம் உள்ள ஏடு என்றால் புல்தைலமும் தொடக்கூடாது. வருஷா வருஷம் தடவவும் தேவையில்லை, ஓலை கேட்டால் மட்டும் போதும்.

தூசியை எப்படித் துடைப்பது?

மென்மையான அகலத் தூரிகை போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே போக்கில். ஈரத்துணி வேண்டாம். ஒட்டிப்பிடித்த அழுக்குக்கு ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து பஞ்சில் தொட்டு எடுப்பது உண்டு, ஆனால் அதை ஒரு தடவையாவது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எழுத்து மங்கிவிட்டது. கரி பூசினால் தெரியுமாமே?

தெரியும். ஓலையில் எழுத்தாணியால் கீறியதுதான் எழுத்து, கரி அந்தக் கீறலில் தங்கிக் காட்டுகிறது. புது ஏட்டுக்கு மஞ்சளும் கோவையிலைச் சாறும் ஊமத்தையிலைச் சாறும் மாவிலைக் கரியும் சேர்த்து மையாடுவது அந்தக் காலப் பள்ளிக்கூடத்து வழக்கம். பழைய ஏட்டுக்கு இலைச்சாறு பூசினால் ஈரம் தங்கிப் பூசணம் வரும். இப்போது விளக்குக்கரியைப் புல்தைலத்தில் குழைத்துத் தடவித் துடைத்து எடுக்கிறோம்.

ஆனால் பெரும்பாலும் இது தேவையே இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஏட்டின் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். கீறலின் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அப்படியே ஃபோட்டோ எடுத்துவிடலாம். பூச்சித் துளையும் வெடிப்பும் உள்ள ஏட்டில் கரி பூசினால் அந்த வெடிப்பிலும் கரி ஏறும், பிறகு எது எழுத்து எது வெடிப்பு என்று பிரிக்கவே முடியாது.

வேப்பிலை, வசம்பு வைத்தால் பூச்சி வராதா?

ஓரளவு ஒதுங்கும், வந்த பூச்சியைக் கொல்லாது. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணிமுடிச்சாக அலமாரியில் வைக்கும் முறை இருந்துவருகிறது. அதையே செய்யலாம். முடிச்சு ஏட்டின் மேல் படக்கூடாது, வாடை போனதும் மாற்ற வேண்டும். பச்சை வேப்பிலையை ஏட்டுக்கு நடுவே வைப்பது தவறு. ஈரம் கறையாக இறங்கும். நன்றாகக் காய்ந்த இலையைத் துணியில் கட்டிப் பக்கத்தில் வையுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் ஆச்சி வீட்டில் பார்த்த ஏட்டை இங்கே சொல்ல வேண்டும். அரங்கு வீட்டில், அதாவது உள்ளறையில், ஒரு மரப்பெட்டி, உள்ளே ஒரு துண்டு வசம்பு, அவ்வளவுதான். ஒரு துளைகூட இல்லாமல் ஏடு நேற்றுச் செய்ததுபோல இருந்தது. எப்படி ஆச்சி என்று கேட்டேன். "வருசம் ஒரு தடவ அவுத்து, ஒவ்வொண்ணா தொடச்சு, வெயில் படாம ஆறப்போட்டுக் கட்டிருவேன். எங்க மாமியா செஞ்சா, நானும் செய்யுதேன்" என்றார்கள். வசம்பை விட அந்தக் கைதான் காரணம் என்று நினைக்கிறேன். பூச்சிக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை யாராவது புரட்டிக்கொண்டிருந்தால் அது குடியேறவே முடியாது.

பாச்சை உருண்டை?

வேண்டாம். அந்த வாடை மனிதருக்கும் கேடு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம்.

தூள் கொட்டுகிறது. பூச்சி இருப்பது உறுதி. மருந்து அடிக்கலாமா?

கடையில் விற்கும் ஸ்பிரே எதையும் நேரடியாக அடிக்காதீர்கள், கறை பிடிக்கும். காகிதப் புத்தகம் என்றால் குளிர்தான் நல்ல வழி. புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 20 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டை வரைக்கும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தின் மேல் தண்ணீர் வேர்த்துவிடும். ஓலைச்சுவடியை வீட்டிலேயே இப்படிச் செய்ய நான் சொல்லமாட்டேன், அதை முதலில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கரையான் என்றால் கதை வேறு. அது ஏட்டில் இல்லை, சுவரிலோ தரையிலோ இருக்கிறது. ஏட்டை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டு வீட்டுக்கு வைத்தியம் பாருங்கள்.

எங்கே வைப்பது நல்லது?

ஊரைப் பொறுத்தது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். பூசணம்தான் அங்கே முதல் எதிரி. தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் ஈரத்தோடு உப்பும் சேரும். திருநெல்வேலி டவுனிலும் பாளையிலும் கோடையில் எல்லாம் வறண்டு ஓலை அப்பளமாகிவிடும், பிறகு ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று ஈரம் ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஓலையை அதிகம் வதைக்கிறது.

ஆகவே வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை, தரையிலிருந்து அரை அடியாவது உயரம், மேலே தண்ணீர்த் தொட்டியோ குழாயோ இல்லாத இடம். பரண் வேண்டாம், ஓட்டுச் சூடு நேராக இறங்கும். அடுப்படிப் பக்கமும் பாத்திரம் கழுவும் அங்கணத்துப் பக்கமும் வேண்டாம். மரப்பெட்டி நல்லது. இரும்பு பீரோ என்றால் ஏட்டைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதன் பிறகு பீரோவில் வையுங்கள். சுற்றுவதற்குக் காடாத்துணி போதும். கஞ்சி முழுக்கப் போகும்படி இரண்டு மூன்று தடவை துவைத்துக் காயவைத்துவிட்டுச் சுற்றுங்கள், கஞ்சி பூச்சிக்குத் தீனி. சிவப்புத் துணிதான் வேண்டும் என்பவர்கள் அது சாயம் போகாத துணிதானா என்று நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50-லிருந்து 60 சதவீதம் வரை இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டினால் காற்றோட்டம் கொடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சாரல் காலத்தில் வைக்கலாம், நெல்லைக் கோடையில் எடுத்துவிட வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்கு ஏட்டை வைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். தப்பா?

பூஜைக்கு வைப்பது மிக நல்லது, வருஷம் ஒரு முறை ஏடு வெளியே வருவதற்கு அது ஒரு காரணம். சந்தனத்தையும் குங்குமத்தையும் மேலே சுற்றிய துணியில் வையுங்கள், ஓலையில் வேண்டாம். ஈரச் சந்தனம் வைத்த இடத்தில் பூசணம் பிடித்து எழுத்தே போன ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகையைத் தள்ளி நின்று காட்டுங்கள், கிட்டே காட்டினால் புகைக்கரி படியும். பூ, பொரி, பழம் தனித் தட்டில் இருக்கட்டும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியும். முதல் 48 மணி நேரத்துக்குள் கை வைத்தால் பெரும்பாலும் முடியும். அதற்கு மேல் போனால் பூசணம் முந்திக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. அந்த வாரம் என் வீட்டுப் பட்டாசல் (கூடம்) முழுக்கக் கொடி கட்டிப் பிறர் வீட்டுப் புத்தகங்கள்தான். அப்போது கற்றதைச் சொல்கிறேன்.

நனைந்த புத்தகத்தைத் திறக்காதீர்கள். மூடியபடியே சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, லேசாக அழுத்தி நீரை வடியவிடுங்கள். அட்டை விறைப்பாக இருந்தால் விசிறிபோல விரித்து நிமிர்த்தி வைத்து ஃபேன் காற்று படவிடுங்கள். இருபது முப்பது தாளுக்கு ஒரு தடவை அச்சடிக்காத வெள்ளை உறிஞ்சு தாள் வைத்து, அது நனைய நனைய மாற்றுங்கள். நியூஸ்பேப்பர் வைத்தால் அதன் மை ஒட்டும். மெல்லிய சிறுநூல்களைக் கொடியில் தொங்கவிடலாம். வெயில், இஸ்திரிப் பெட்டி, சூடான ஹேர் டிரையர் மூன்றும் கூடாது. தாள் நெளிந்து முறுகிவிடும். வழவழப்பான ஆர்ட் தாள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும், ஆகவே அவற்றை முதலில் கவனியுங்கள்.

நூறு புத்தகம் நனைந்துவிட்டது, இரண்டு கைதான் இருக்கிறது என்றால் ஃப்ரீசரைத் தேடுங்கள். தனித்தனியாகப் பாலிதீனில் சுற்றி உறையவைத்துவிட்டால் கெடுதல் அங்கேயே நிற்கும். பிறகு நாலு நாலாக வெளியே எடுத்து நிதானமாக உலர்த்தலாம். தூத்துக்குடியில் மீன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் அந்த வாரம் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

ஓலைச்சுவடி தண்ணீரைக் காகிதத்தை விட நன்றாகத் தாங்கும், கீறிய எழுத்து கரையாது. வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் சேற்றை எடுத்து, உறிஞ்சு தாளுக்கு நடுவே அடுக்கி, மேலே லேசான பாரம் வைத்து நிழலில் உலர்த்துங்கள். பாரம் இல்லாமல் விட்டால் சுருண்டுகொள்ளும். மையால் மேலே எழுதியது என்றால் தண்ணீரில் காட்டவே கூடாது. பூசணம் வந்துவிட்ட நூலைத் தொடும்போது என்-95 முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

அப்பா வைத்திருந்த அச்சுப் புத்தகங்கள் தொட்டாலே பொடிகின்றன. ஓலையை விடக் காகிதம் சீக்கிரம் கெடுவது ஏன்?

காகிதம் எதில் செய்தது என்பதைப் பொறுத்தது. புன்னைக்காயலில் 1586-ல் அச்சான அடியார் வரலாறு என்ற கிறிஸ்தவத் தமிழ் நூலின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலக் காகிதம் கந்தல் துணியை அரைத்துச் செய்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்க் காகிதம் வந்தது, மை பரவாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அது உள்ளுக்குள்ளேயே அமிலமாகித் தாளின் நாரை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் 1930-களின் புத்தகம் 1830-களின் புத்தகத்தை விட மோசமாக இருக்கிறது.

அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு சேர்ந்த கரைசல்களில் தாளை நனைத்தெடுக்கும் முறை இருக்கிறது. மை கரையுமா என்று சோதித்த பிறகு பயிற்சி உள்ளவர்கள் செய்வது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது வெளிச்சமும் சூடும் படாமல் வைப்பதும், ஒவ்வொரு புத்தகத்தையும் நல்ல தாளில் செய்த உறையில் போடுவதும்தான். அதுவே பல வருஷம் கூட்டிக் கொடுக்கும்.

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உரிந்து விழும், அதன் கோந்து மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதை விடக் கொடுமை, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி எடுக்கவே முடியாது. ஒற்றைத் தாள் ஆவணம் என்றால் இரண்டு பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் ஒட்டலாம், வேண்டும்போது வெட்டி வெளியே எடுத்துக்கொள்ளலாம். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும் போதும். நாளைக்கு வேறொருவர் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் பழைய நூலில் செய்யக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கட்டளை.

பைண்டிங் கடைக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லுங்கள். ஓரத்தைக் கட்டிங் மிஷினில் வெட்டக்கூடாது. பழைய மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் எறியக்கூடாது. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கக்கூடாது. பூச்சி வராது என்று துத்தம் போடுவார்கள், நாளடைவில் அது தாளையே அரிக்கும்.

செப்புப் பட்டயம் ஒன்று இருக்கிறது. புளி போட்டு விளக்கலாமா?

கூடாது. பச்சை படிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். புளியின் அமிலம் எழுத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். வெளிர்பச்சையில் மாவாக உதிர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

ஃபோனில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

போதாது, ஆனால் கட்டாயம் எடுங்கள். ஏட்டுக்கு இரண்டு பக்கமும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, ஃபோனை ஸ்டாண்டில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும் ஏட்டு எண் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். எண் மாறிக் கிடந்தாலும் நீங்கள் திருத்தி அடுக்காமல் கிடந்தபடியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், மூலக் கோப்பை இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள்.

நல்ல விலை தருவதாக ஒருவர் வந்தார். விற்கலாமா?

1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷங்கள் சட்டப்படி, வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகள் 75 வருஷம் கடந்தால் தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஓவியம் தீட்டிய சுவடி என்றால் பதிவும் செய்ய வேண்டும். வீடு தேடி வருபவரிடம் உரிமத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் வைக்க வசதி இல்லை. யாரிடம் கொடுப்பது?

ஓலைச்சுவடி என்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. அரிய அச்சு நூல்கள் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வைத்தியச் சுவடியைப் படித்துப் பொருள் அறிய வேண்டுமானால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களிடம் காட்டிப் பார்க்கலாம். கோயிலில் கிடந்த ஏடு என்றால், இந்து சமய அறநிலையத் துறையின் சுவடித் திட்டக் குழு கோயில் கோயிலாகப் போய்ச் சுத்தம் செய்து பதிவு செய்துவருகிறது. நெல்லையப்பர் கோயிலிலும் அவர்கள் வேலை செய்தார்கள்.

கொடுக்கும்போது எத்தனை கட்டு, எத்தனை ஏடு, என்ன நிலை என்று எழுதிய ரசீது வாங்குங்கள். மின்படப் பிரதி ஒன்று உங்களுக்கு வேண்டும் என்றும், கொடுத்த குடும்பத்தின் பெயரும் ஊரும் பட்டியலில் வர வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத சுவடி பாதி ஊமை.

கட்டைப் பிரித்தபோது உடைந்த துணுக்குகள் ஒரு கை நிறைய இருக்கின்றன. அவற்றையாவது போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு வெள்ளைக் கவரில் போட்டு, மேலே சுவடியின் பெயரையும் தேதியையும் எழுதிக் கட்டோடு சேர்த்து வையுங்கள். போன வருஷம் களக்காட்டிலிருந்து வந்த ஒரு கதைச்சுவடியில் கடைசி ஏட்டைக் காணவில்லை என்று முடிவு கட்டியிருந்தோம். துணுக்குக் கவரைக் கொட்டி நான்கு நாள் அடுக்கியதில் பதினோரு துண்டுகள் பொருந்தின. எழுதியவர் பெயர் அதில்தான் இருந்தது.